முந்நூறு ரூபாய் மாத்திரை, ஆயிரம் ரூபாய்ப் பயணம்: குமுளி எல்லையிலிருந்து போன ஒரு மனு

இந்த ஆய்வில் வரும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. வயது நாற்பதுக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கேரளத்தில், இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவில், ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், அம்மா வீட்டு முகவரியில். வேலை ஏலத்தோட்டத்தில் தினக்கூலி. எச்.ஐ.வி. மாத்திரை வாங்குவது மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள, ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் அரசு மையம் ஒன்றில். எஸ்டேட் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை என்பதையெல்லாம் எடுத்துவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று குரல் வரும். அங்கே ஓர் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க இரண்டு விவரம் போதும்.

நான் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கில். எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு ஒன்றுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தேவைப்பட்டால் கூடப் போவதும் என் பொறுப்பு. இந்த அக்காவின் விஷயத்தை முன்வைத்து ஒரு எம்.எல்.ஏ., ஒரு எம்.பி., மலைமேல் கேரள நிர்வாகம் என்று மூன்று இடத்துக்கு மனு போனது. அதில் என்ன கேட்டோம், ஏன் அப்படிக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கப் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

மாத்திரை வாங்கப் போகும் நாள்

அக்கா காலையில் வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து குமுளிக்கு பஸ் ஏறுவார். குமுளியில் கேரள பஸ் நிற்கும் இடம் ஒன்று, தமிழ்நாட்டு பஸ் நிற்கும் இடம் இன்னொன்று. நடுவில் எல்லை. செக்போஸ்ட்டை நடந்து தாண்டி இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப் வளைவுகளில் இறங்கி, கூடலூர், கம்பம் வழியாக இன்னொரு பஸ். மையத்துக்கு வந்து சேரும்போது வரிசை நீண்டிருக்கும். எடை பார்த்து, மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்த்து, டாக்டரைப் பார்த்து, மருந்தகத்தில் டப்பா வாங்க மத்தியானம் ஆகிவிடும். திரும்ப மலை ஏறி லயத்துக்குள் நுழையும்போது இருட்டியிருக்கும்.

முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா. பஸ்ஸிலேயே லேபிளைக் கிழித்துவிடுவார். மூடியைத் திறந்து மேலே கொஞ்சம் பஞ்சு அடைப்பார். இல்லாவிட்டால் நடக்கும்போது பைக்குள் மாத்திரை கிலுகிலுவென்று சத்தம் போடும், "என்னக்கா பையில?" என்று யாராவது கேட்பார்கள். பஞ்சு வைக்கும் இந்தப் பழக்கம் அவருக்கு மட்டும் உள்ளதல்ல. மையத்துக்கு வரும் பல பேர் கைப்பையில் ஒரு சின்னப் பஞ்சுச் சுருள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பஸ் காசு, வழியில் ஒரு சாப்பாடு, போன கூலி. எல்லாம் சேர்த்தால் ஒரு தடவை போய்வர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், மனுவின் முதுகெலும்பே இந்தத் தொகைதான்.

கேரளத்திலேயே வாங்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்டார்கள். எம்.எல்.ஏ.யும் கேட்டார். கேரளத்தில் பரிசோதனை மையங்களுக்கு ஜ்யோதிஸ் என்றும் ஏ.ஆர்.டி. மையங்களுக்கு உஷஸ் என்றும் பெயர் வைத்து நன்றாகவே நடத்துகிறார்கள். கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு நேர் பஸ் இருக்கிறது. ஆனால் எஸ்டேட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் எல்லோரும் போவது அங்கேதான், ஏதாவது ஒரு தெரிந்த முகம் வராந்தாவில் நிற்கும். இரண்டாவது, அக்காவுக்கு நோய் தெரிந்தபோது அம்மா வீட்டில் இருந்தார், சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. மூன்றாவது, கவுன்சிலரிடம் வாய்விட்டு அழத் தமிழ் வேண்டும். மலையாளத்தில் கடைக்குப் போகலாம், கங்காணியிடம் சண்டை போடலாம். இதைப் பேச முடியாது என்கிறார். நியாயம்தான்.

தட்டுப்பாடு வந்த வருஷம்

2022 ஜூலையில் நாட்டின் பல இடங்களில் ஏ.ஆர்.டி. மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கொள்முதல் தள்ளிப்போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேக்கோவின் அலுவலகத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் நாற்பது நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசிய அளவில் கையிருப்பு இருக்கிறது என்றது அரசு. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேசத்தின் கணக்கில் மருந்து இருப்பது வேறு, ஒரு மையத்தின் அலமாரியில் மருந்து இருப்பது வேறு.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு முப்பது நாள் மாத்திரைக்குப் பதிலாகச் சில நாள் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள்மேல் தப்பில்லை. இருப்பதை எல்லோருக்கும் பங்கிட வேண்டும், ஒருத்தருக்கும் நின்றுவிடக் கூடாது. ஆனால் விளைவு என்ன? மாதம் ஒரு முறை மலை இறங்கியவர் மாதத்தில் பல முறை இறங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. தோட்டத்தில் "இவளுக்கு அப்படி என்ன வேல கீழ?" என்ற பேச்சு கிளம்பியது. ஒரு தடவை அவர் போகவில்லை. கூலியைவிட அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் போகவில்லை. சில நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார்.

டெல்லியில் ஒரு டெண்டர் தள்ளிப்போனால் வண்டிப்பெரியாறில் ஒருத்தியின் கூலி போகிறது, ரகசியமும் போகப் பார்க்கிறது. பட்ஜெட் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத ஏதோ ஒன்று என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சில நாள் விட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஏ.ஆர்.டி. மருந்து வைரஸைக் கொல்வதில்லை, பெருக விடாமல் அமுக்கி வைக்கிறது. மருந்து நின்றால் வைரஸ் எழும்பும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்தையே சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் இரண்டாம் வரிசை மருந்து, அதுவும் போனால் மூன்றாம் வரிசை. விலை ஏறிக்கொண்டே போகும், கிடைக்கும் இடங்கள் குறைந்துகொண்டே போகும். ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையிலேயே இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்கு நோய் தொற்றாது. கர்ப்பிணி ஒழுங்காகச் சாப்பிட்டால் பிள்ளைக்குத் தொற்றுவது மிகவும் அரிதாகிவிடும். ஆக, சிகிச்சைக்குக் கொடுக்கும் பணமேதான் தடுப்புக்கும் கொடுக்கும் பணம். மனுவில் இதை ஒரே வரியில் எழுதினோம். எம்.எல்.ஏ. அந்த வரியில்தான் நிமிர்ந்து பார்த்தார்.

யார் பணம், யார் பொறுப்பு

முதலில் ஒரு சின்ன வரலாறு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வு, வேலூர் சி.எம்.சி.யில் நடந்த பரிசோதனை. 1992-இல் நேக்கோ வந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. இதெல்லாம் தடுப்பு, விழிப்புணர்வு, பரிசோதனைக்கு. மாத்திரை மட்டும் சாதாரண ஆளுக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. மேலைநாட்டு விலையில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன மூன்று மருந்துக் கூட்டை 2001-இல் மும்பை சிப்லா கம்பெனி ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்றது. அப்போதும் இந்தியாவில் இருந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. 2003 நவம்பர் கடைசியில், அன்றைய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் இலவச ஏ.ஆர்.டி.யை அறிவித்தார். 2004 ஏப்ரல் 1 அன்று பாதிப்பு அதிகமான ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலும் உள்ள எட்டு அரசு மருத்துவமனைகளில் அது தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று.

இதை மனுவில் போடவில்லை, நேரில் பேசத் தயாராக வைத்திருந்தோம். மருந்து 2001-இலேயே மலிவாகிவிட்டது. இலவசமானது, அரசியலில் இருந்தவர்கள் முடிவெடுத்த பிறகுதான். அந்த ஆண்டுகளில் காங்கிரஸின் ஆஸ்கர் பெர்னாண்டஸ் முன்னின்று நடத்திய, எல்லாக் கட்சி எம்.பி.க்களும் இருந்த நாடாளுமன்ற எய்ட்ஸ் மன்றம் ஒன்று இருந்தது. இன்றைய எம்.பி.க்களில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை குறைவு.

மனு எழுதிய காலத்து நிலைக்கு வருவோம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. ஒதுக்கீடு 15,471.94 கோடி ரூபாய். முழுவதும் மத்திய அரசின் பணம். மாத்திரை, பரிசோதனை, மையத்தில் இருக்கும் ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான். இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளோர் 25 லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. வயது வந்தோரில் 0.2 சதவீதம். சதவீதத்தைக் கேட்டால் சின்னதாகத் தெரியும், அதனால்தான் பட்ஜெட்டில் எளிதாகக் கை வைக்கிறார்கள். 2015-16 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கான தொகை முந்தைய ஆண்டைவிடக் கணிசமாகக் குறைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்காவில் எத்தனையோ கிளினிக்குகள் கதவை மூடின. நமக்கு அந்த அடி விழாததற்குக் காரணம், நம் மாத்திரை நம் வரிப்பணத்தில் வாங்கப்படுவதுதான். இதைச் சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் பெருமையாகத் தலையாட்டுவார். சரி, அப்படியென்றால் அந்தப் பணத்தைக் குறைக்காதீர்கள் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. பாகுபாடு காட்டக் கூடாது, சம்மதம் இல்லாமல் நோய் விவரத்தை வெளியிடக் கூடாது என்பதெல்லாம் அதில் உறுதியாக இருக்கின்றன. சிகிச்சை என்று வரும்போது மட்டும், பதினான்காம் பிரிவு, பரிசோதனை வசதியையும் ஏ.ஆர்.டி. மருந்தையும் 'இயன்றவரை' தர வேண்டும் என்கிறது. மசோதா வந்தபோதே எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள் இதை எதிர்த்தன. இயன்றவரை என்று இருக்கும்வரை, பணம் இல்லை என்பது சட்டப்படி ஒரு பதிலாகிவிடுகிறது.

இப்போது அக்காவின் கணக்கைப் பார்ப்போம். டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, டி.எல்.டி. என்று சொல்லும் ஒரே மாத்திரையைத்தான் அவர் தினமும் சாப்பிடுகிறார். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் 2023-இல் அறிவித்த கொள்முதல் விலை ஆளுக்கு ஆண்டுக்கு 45 டாலருக்குக் கீழே. அந்த விலையை அளவுகோலாக வைத்தால் மாதத்துக்கு முந்நூறு ரூபாய்ச் சொச்சம். அந்த முந்நூறு ரூபாய் மாத்திரையை வாங்கிவர அக்கா செலவழிப்பது ஆயிரம் ரூபாய். மாத்திரைக்குத் திட்டத்தில் தலைப்பு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அந்த ஆயிரத்துக்கு அக்காவின் சேலை முந்தானை முடிச்சைத் தவிர வேறு கணக்கு கிடையாது.

மனு எப்படி எழுதப்பட்டது

கூட்டமைப்பு இதற்கு முன்பும் மனு கொடுத்திருக்கிறது. எல்லாம் 'எங்கள் வாழ்வாதாரம் காக்க ஆவன செய்யுமாறு' ரகம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது. எங்கே அனுப்பப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

இந்த முறை ஒரு தாள், ஒரு ஆள், ஒரு கணக்கு என்று முடிவு செய்தோம். முதலில் வந்த சிக்கல் கையெழுத்து. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் பதிவார்கள், பின்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் படிப்பார். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. கூட்டமைப்பின் தலைவி தன் நிலையை ஊரறியச் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. அவர் கையெழுத்துப் போட்டார். அக்கா மனுவில் 'இடுக்கி மாவட்டத்தில் வசிக்கும் தோட்டத் தொழிலாளி ஒருவர்' ஆனார். தாலுகாவைக்கூட அதில் போடவில்லை.

அடுத்த கேள்வி, யாரிடம் எதைக் கேட்பது. இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் வழுக்கி விழுகின்றன என்பது என் அபிப்பிராயம். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, எச்.ஐ.வி. திட்டமோ முழுக்க மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. எம்.எல்.ஏ.யிடம் போனால் சென்ட்ரல் என்பார், எம்.பி. ஆபீசில் ஸ்டேட் என்பார்கள். இருவரும் சொல்வது உண்மை, அதனால் சண்டையும் போட முடியாது. ஒரே மனுவை இரண்டு பேருக்கும் கொடுத்தால் அது இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிடும்.

எம்.பி.யிடம் கேட்டது: கையிருப்பு. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது நேக்கோவே பல மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க அனுமதித்தது. நிலையாக இருக்கும் நோயாளிக்கு மூன்று மாத மாத்திரையைக் கையில் கொடுத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பயணம் நான்காகும். அதற்கு நாடு முழுக்க மையங்களில் கூடுதல் இருப்பு வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், கொள்முதல் நேரத்துக்கு நடக்க வேண்டும். ஐந்தாம் கட்டத்துக்கு அடுத்து வரும் திட்டத்தில் இதற்கென்று தொகை காட்ட வேண்டும் என்று எழுதினோம். கூடவே ஒரு வழியும் சொன்னோம். மக்களவையில் சுகாதார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான பணத்தைக் கேட்கும் கோரிக்கை, பல ஆண்டுகளில் விவாதமே இல்லாமல், கில்லட்டின் என்ற முறையில் மற்றவற்றோடு மொத்தமாக நிறைவேறிவிடும். அதற்கு முன்பே அந்த ஒதுக்கீட்டை வரி வரியாகப் பார்ப்பது சுகாதாரத் துறை நிலைக்குழு. உறுப்பினர்கள் 31 பேர். நம் எம்.பி. அதில் இல்லாவிட்டாலும் இருக்கிறவரிடம் தாளை நீட்டலாம்.

எம்.எல்.ஏ.யிடம் கேட்டது: பயணம். மாத்திரைக்கு வருகிறவருக்குப் பயணப்படியை நேராக வங்கிக் கணக்கில் போடுங்கள் என்றோம். பஸ் பாஸ் வேண்டாம் என்று தெளிவாகவே எழுதினோம். பாஸ் என்றால் கண்டக்டரிடம் காட்ட வேண்டும், எதற்கு பாஸ் என்று அவர் படிப்பார், பக்கத்து சீட்டும் படிக்கும். கேரள பஸ்ஸில் தமிழ்நாட்டு பாஸ் செல்லவும் செல்லாது. பணமாகக் கொடுப்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. காசநோயாளிகளுக்கு மத்திய அரசு ஊட்டச்சத்துக்கென்று மாதம் 500 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டுவந்தது, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியது. ஆந்திரத்தில் ஏ.ஆர்.டி. எடுப்பவர்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு, 2024-இலிருந்து 4,000 ரூபாய். கேரளத்தில் 1,000 ரூபாய் உதவித்தொகை என்று ஒரு திட்டம் இருக்கிறது. பக்கத்து மாநிலம் தருகிறது என்று சொல்வதைப் போல எம்.எல்.ஏ.க்களை உசுப்பும் வாதம் வேறில்லை.

தொகுதி நிதியிலிருந்து கொடுங்கள் என்று கேட்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அதில் கட்டடம் கட்டலாம், மெஷின் வாங்கலாம். மாதாமாதம் தொடரும் செலவுக்குக் கொடுக்க முடியாது. எச்.ஐ.வி. சிகிச்சையோ ஆயுள் முழுக்க மாதாமாதம் தொடரும் செலவு. 'அன்பளிப்பு: சட்டமன்ற உறுப்பினர்' என்று பெயர் எழுதிய நாற்காலிகள் வராந்தாவுக்கு வரும், நாமும் உட்கார்ந்துகொள்ளலாம். மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் பட்ஜெட்டில் தலைப்பு வேண்டும்.

அந்தச் சந்திப்பு

தேனி மாவட்டத்து எம்.எல்.ஏ. ஒருவரை 2025 தொடக்கத்தில், பட்ஜெட் கூட்டத் தொடருக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் பார்த்தோம். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், தெருவிளக்குக்கு வந்தவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லை அந்தக் கூடத்தில் சத்தமாகச் சொல்ல முடியாது. பி.ஏ.விடம் முன்கூட்டியே பேசி உள் அறையில் ஐந்து நிமிஷம் கேட்டிருந்தோம்.

தாளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததைத்தான் சொன்னார். "இது சென்ட்ரல் ஸ்கீம்லம்மா? எம்.பி.கிட்ட குடுங்களேன்."

"மாத்திரை டெல்லியோடதுதாங்கய்யா," என்றார் தலைவி. "அத வாங்கப் போற பஸ்ஸு நம்ம கவர்ன்மென்ட்டோடதுதான?"

சிரித்துவிட்டார். அப்புறம்தான் முழுதாகப் படித்தார். சிகிச்சையே தடுப்பு என்ற வரியைக் காட்டி "இது நெசமா?" என்று கேட்டார். நிஜம்தான் என்றோம். ஆந்திரத்தில் 4,000 என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். அந்தப் பெண் ஏன் கேரளத்தில் வாங்கவில்லை என்ற கேள்வி வந்தது, விளக்கினோம். கடைசியாக பி.ஏ. ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம தொகுதியில இந்த மாதிரி எத்தன பேருங்க?"

உண்மையான கேள்வி அது. ஓட்டுக் கணக்கு என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை, எண்ணிக்கை இல்லாமல் நிதித்துறை எந்தக் கோப்பையும் நகர்த்தாது. ஆனால் எங்களிடம் எண்ணிக்கை இல்லை. தங்கள் நிலையை மறைக்கத்தான் ஆட்கள் ஊர்விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் போய் மாத்திரை வாங்குகிறார்கள். தொகுதிவாரியாக அவர்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினால் ஓடிவிடுவார்கள். அக்காவோ அந்தத் தொகுதி வாக்காளரே அல்ல. ஒரு தெரு குடிநீர் கேட்டு மறியல் செய்தால் அடுத்த வாரம் லாரி வரும். எச்.ஐ.வி. உள்ளோர் அப்படிச் சாலையில் உட்கார மாட்டார்கள். எங்கள் கோரிக்கையின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்.பி. அலுவலகம் அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கேள்வியாக எழுதிக் கொடுங்கள், நாடாளுமன்றத்தில் போடுகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம்.

மலைமேல்

கேரள நிர்வாகத்துக்கு மனுவைத் தமிழிலேயே கொடுத்தோம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். லயத்தில் இருக்கும் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைகிறார்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் எழுதித் தர ஆள் தேடுவது என்றால் இன்னொருத்தருக்கு ரகசியத்தைச் சொல்வது என்று அர்த்தம்.

அங்கே கேட்டது இரண்டு. கேரளத்தில் வசித்து, தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுகிறவருக்கும் உதவித்தொகை. எஸ்டேட் பகுதிக்கு வரும் கவுன்சிலர்களில் தமிழ் பேசுகிறவர் ஒருவராவது.

என்ன நடந்தது

எம்.எல்.ஏ. சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதினார். நகலை பி.ஏ. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது, இப்போது கோப்பு எண் கையில் இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது அந்த எண்ணைச் சொல்லி மறுபடி கேட்கலாம். எம்.பி. போட்ட கேள்வி குலுக்கலில் வரவில்லை. மக்களவையில் எந்தக் கேள்வி எடுக்கப்படும் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள், ஆகவே அடுத்த தொடரில் மறுபடி போட வேண்டும். கேரளத்திலிருந்து பதில் தமிழிலேயே வந்தது, அது ஒரு சந்தோஷம். உதவித்தொகைக்குக் கேரள மையத்தில் பதிவு செய்த எண் தேவை என்றது, அதில் சந்தோஷமில்லை. கவுன்சிலர் பற்றிப் பதிலில் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டோம். மாற்றினால் பயணம் குறையாது, உதவித்தொகை வரலாம். வேண்டாம் என்றுவிட்டார். "ஆயிரத்துக்காக அங்கிட்டுப் போயி ஒருத்தி கண்ணுல பட்டா, லயத்துல இருக்க முடியுமா?" இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இதற்கிடையில் மையத்தில் அவருக்குச் சேர்த்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். மலை இறங்குவது குறைந்திருக்கிறது. கடைசியாக எடுத்த வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. எங்கள் மனுவால் இது நடந்தது என்று மார்தட்ட மாட்டேன். கையிருப்பு இருந்தது, அதனால் கொடுத்தார்கள். ஒரு கொள்முதல் தாமதமானால் மறுபடி கவரில் எண்ணிப் போடும் காலம் வரும். 2017-இல் குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. மருந்தான லோபினாவிர் சிரப் கிடைக்காமல் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள், பத்திரிகைகளில் வந்தது, அப்புறம் சிரப் வந்தது. ஐந்து வருஷம் கழித்து 2022-இல் பெரியவர்கள் டெல்லியில் போய் உட்கார வேண்டியிருந்தது. தட்டுப்பாடு வந்த பிறகு கத்தினால் அப்போதைக்கு மருந்து வரும், அடுத்த தட்டுப்பாட்டைத் தடுக்கும் தொகை வராது. அதற்குத் தட்டுப்பாடு இல்லாத காலத்தில் கேட்க வேண்டியிருக்கிறது, ஆனால் அப்போது கேட்க ஆட்கள் சேர்வதில்லை.

பி.ஏ. கேட்ட எண்ணிக்கைக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டோம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். வேறு மாநில முகவரியில் வசித்துக்கொண்டு இந்த மாவட்டத்தில் ஏ.ஆர்.டி. மருந்து பெறுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டோம். அப்படிப் பிரித்துத் தகவல் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே அடுத்த மனுவின் முதல் கோரிக்கை மாறியிருக்கிறது: எல்லை மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு மையமும் பெயரில்லாமல் இந்த ஒரு எண்ணிக்கையைப் பதியட்டும். இரண்டு மாநிலத்திலும் அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளர்கள் வாக்குறுதி எழுதத் தொடங்குவதற்கு முன்பே இது அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். மூன்று பிரதி தயாராகிறது. கேரளத்துக்குப் போகும் பிரதியில் கவுன்சிலர் கோரிக்கையைத் திரும்பவும் சேர்த்திருக்கிறோம்.